கப்பல் முதலாளியின் கோட்டுக்குள் ஆறு வாரம்

அந்தச் சனிக்கிழமை பிற்பகல் வெயில் நாற்பது பாகையைத் தாண்டியிருந்தது. மெல்பேர்னின் துறைமுகப் பக்கத்துப் புறநகர் ஒன்றில், பழைய மாளிகையின் மேல்மாடத்தில், கறுப்புக் கம்பளிக் கோட்டும் கழுத்தை நெரிக்கும் வெள்ளைக் கொலரும் ஒட்டுக் கிருதாவுமாக நின்று நான் வாக்குக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்கல்ல. ஏப்ரகாம் தோர்ன்பி என்ற கப்பல் முதலாளிக்கு. அவர் மண்ணுக்குள் போய் நூறு வருடத்துக்கு மேல். அவருடைய வாக்காளர்களும் அப்படியே. ஆனாலும் கீழே புல்வெளியில், மடக்குக் கதிரைகளில் ஒரு கூட்டம் இருந்தது. பாதிப் பேர் நிகழ்ச்சி நிரலால் விசிறிக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர் என் இடப்பக்கக் கிருதா பசை விட்டுக் கழன்று வருவதை, எப்போது விழும் என்ற ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது வரிசையில் சிவராசா அண்ணை. அவர் விசிறவில்லை. கிருதாவையும் பார்க்கவில்லை. நான் அடுத்து என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தார்.

என் பேச்சில் ஒரே ஒரு பந்தி மிச்சம் இருந்தது. அதைப் படித்தால் லொறெய்ன் என்ற நல்ல மனுசி புண்படுவார். படிக்காவிட்டால் சிவராசா அண்ணை என்னை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது காருக்குள் ஒரு மணித்தியாலம் பேசாமல் இருப்பார். மேற்குப் பக்கத்துப் பெரிய பாலத்தில் அவர் பேசாமல் கார் ஓட்டுவதைவிட நான் நீந்திப் போகலாம்.

என்னை அங்கேயே நிறுத்திவிட்டு, ஒரு மனிதன் எப்படி அந்தக் கோட்டுக்குள் போய்ச் சேர்கிறான் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

வயிறு தந்த பதவி

எனது வேலை போன கதையை இந்தப் பக்கத்தில் ஏற்கெனவே மூன்று வாரம் இழுத்துவிட்டேன். லிட்கம்மிலிருந்து ஒரு வாசகர், “தம்பி, உமக்கு வேலை போனது எங்களுக்கு இவ்வளவு வேலை தரும் எண்டு நினைக்கேல்லை” என்று எழுதியிருந்தார். ஆகையால் சுருக்கம்: இருபத்திரண்டு வருடம் கணினித் தரவுகளை மேய்த்தேன். ஒரு நாள் தரவுகள் தாமே மேயப் பழகிவிட்டன.

இரண்டாவது மாதம் என் மனைவி சாந்தி பொறுமை இழந்தாள்.

“ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து பாக்காமல் எங்கையாவது போய் ஏதாவது செய்யுங்கோ. அதுக்குள்ள வேலைவாய்ப்பு ஒண்டும் இல்லை.”

அப்படித்தான் தோர்ன்பி மாளிகைக்கு வழிகாட்டித் தொண்டனாகப் போனேன். அதை ஒரு சிறிய வரலாற்றுச் சங்கம் நடத்துகிறது. சங்கம் என்றால் லொறெய்ன். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட நூலகர், எழுபது வயது, கண்ணாடி கழுத்தில் ஒன்று தலையில் ஒன்று. அந்த வீட்டைத் தூசு தட்டியே முப்பது வருடம் கழித்தவர். கூரை ஒழுகிய ஒரு மழைக்காலத்தில், தோர்ன்பியின் கடிதப் பெட்டிகளைத் தன் படுக்கையறையில் வைத்துவிட்டுத் தான் வரவேற்பறையில் படுத்தவர். அவர் பேசியதை இங்கே தமிழில் தருகிறேன். என் தமிழில் அவர் சற்று அமைதியானவராகத் தெரிந்தால் அது என் குறை.

வருடத்துக்கு ஒருமுறை திறந்த நாள். அன்று தோர்ன்பியின் வேடத்தில் ஒருவர் மேல்மாடத்தில் நின்று அவருடைய தேர்தல் பேச்சைப் பேசுவார். பேச்சு முடிந்ததும் கீழே உள்ளவர்கள் அந்தக் காலத்துத் தேர்தல் கூட்டத்தைப் போலக் குறுக்குக் கேள்வி கேட்கலாம். பழைய தோர்ன்பி ஒரு ஓய்வுபெற்ற பிளம்பர். அவர் இடுப்பை முறித்துக்கொண்டார். கோட்டு ஆள் இல்லாமல் தொங்கியது.

அது தோர்ன்பியின் தையல்காரர் விட்டுப்போன அளவுக் குறிப்பை வைத்துத் தைத்த கோட்டு. மார்பு ஒடுக்கம், கை குட்டை, வயிறு தாராளம். தொண்டர்கள் ஒவ்வொருவராகப் போட்டுப் பார்த்தார்கள். ஒருவர் அதற்குள் காணாமல் போனார். ஒருவர் அதைவிட்டு வெளியே வர இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். பகிடிக்கு நான் போட்டேன். ஏழு பொத்தானும் பூட்டின.

“கடவுளே, பொருந்துகிறது” என்றார் லொறெய்ன்.

“நிறம் பொருந்தாதே” என்றேன் மெதுவாக.

“ஏன்? அவர் எப்போதும் கறுப்புத்தான் போடுவார்” என்று கோட்டின் தோளைத் தட்டிவிட்டார். அவருக்கு உண்மையிலேயே கோட்டு மட்டும்தான் தெரிந்தது. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்தது.

வீட்டில் ஒத்திகை பார்த்தபோது மகள் கைத்தொலைபேசியிலிருந்து ஒரு கணம் தலை தூக்கினாள். “அப்பா, யூ லுக் லைக் எ பிஸ்கட் டின்.” பழைய பிஸ்கட் டின் மூடிகளில் இருக்கும் துரையைத்தான் சொன்னாள்.

லொறெய்ன் எனக்கு இரண்டு சட்டம் சொன்னார். ஒன்று, கடதாசியில் இல்லாததைச் சொல்லக் கூடாது. இரண்டு, கோட்டுக்குள் இருக்கும் வரை நான் நானில்லை. என்ன கேள்வி வந்தாலும் தோர்ன்பியாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

அவர் யார்?

பசித்த வீட்டுப் பிள்ளை. இங்கிலாந்தில் ஒரு துறைமுகத்தில் பிறந்து, எழுத்துக் கூட்டிப் படிக்க முன் கயிறு முடியப் பழகியவர். தங்கம் தேடி எல்லோரும் இந்தப் பக்கம் ஓடி வந்த காலத்தில் அவரும் வந்தார். தங்கம் கிடைக்கவில்லை. தங்கம் தேடுகிறவர்களுக்கு உருளைக்கிழங்கு வேண்டும் என்ற உண்மை கிடைத்தது. ஒழுகும் பாய்க்கப்பல் ஒன்றில் பாதிப் பங்கு வாங்கினார். பிறகு முழுக் கப்பல். பிறகு கப்பல்கள். இங்கிருந்து குதிரைகளை ஏற்றிக் கொழும்புக்கும் சென்னைக்கும் கொண்டுபோனார், அங்கிருந்து அரிசியும் தேயிலையும் கறுவாப்பட்டையும் வந்தன.

பணம் வந்ததும் மாளிகை வந்தது. அதன் உச்சியில் ஒரு கோபுர அறை. தன் கப்பல்கள் குடாவுக்குள் நுழைவதைத் தொலைநோக்கியால் பார்க்கக் கட்டியது. ஜூனோ என்றொரு பெட்டை நாய் எப்போதும் அவர் காலடியில் படுத்திருக்கும். அதற்குத் தோட்டத்தில் கல்லறை இருக்கிறது. பெயரும் பொறித்திருக்கிறது.

பிறகு அரசியல் வந்தது. முதல் தேர்தலில் தோற்றார். இரண்டாவதில் வென்றார். சட்டசபையில் ஒரு இறங்குதுறைக்காகவும் ஒரு குடிநீர்க் குழாய்க்காகவும் வாதாடினார். மிச்ச நேரம் தூங்கினார் என்று அந்தக் காலத்துப் பத்திரிகை சொல்கிறது. தூங்கும்போதும் கண்ணியமாகத் தூங்கினார் என்று லொறெய்ன் எழுதிய துண்டுப் பிரசுரம் சொல்கிறது.

அந்தப் பிரசுரத்தைப் படித்ததும் எனக்கு என் சொந்த எழுத்தைப் படித்தது போல இருந்தது. எங்கள் யாழ்ப்பாணத்து வழக்கத்தில், ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாளில் அவருடைய வாழ்க்கையைப் புத்தகமாக அடித்து வந்தவர்களுக்குக் கொடுப்போம். கல்வெட்டு என்று பெயர். மெல்பேர்னில் இறந்தவர்களில் பலருக்கு அதை எழுதிக் கொடுத்த பாவி நான். என் கல்வெட்டுகளில் எவரும் எவரோடும் காணி வழக்காடியதில்லை. எவரும் தம்பியோடு பேசாமல் இருபது வருடம் இருந்ததில்லை. எல்லோருமே “எளிமையின் சிகரம்.” சிகரங்களால் இந்த நகரமே ஒரு மலைத்தொடர் ஆகிவிட்டது.

லொறெய்ன் தோர்ன்பிக்கு ஆங்கிலத்தில் ஒரு கல்வெட்டு எழுதி வைத்திருந்தார். அதில் எங்கே எது விடப்பட்டிருக்கும் என்று தொழில் தெரிந்தவனுக்குத் தெரியாதா? இரண்டாவது தேர்தலில் எப்படி வென்றார் என்பது இல்லை.

பெட்டிக்குள் இருந்தவர்கள்

ரோவில் என்ற புறநகரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவர் சிவராசா அண்ணை. முப்பது வருடம் வணிகக் கப்பல்களில் இயந்திர அறையில் வேலை செய்தவர். கடைசியாக இந்த நாட்டுக்கு வந்ததும் கடல் வழியாகத்தான், ஆனால் அந்த முறை கப்பல் என்று சொல்ல முடியாத ஒன்றில். எனக்குப் பாலத்தில் கார் ஓட்டப் பயம் என்பதால் அவர்தான் என்னை மாளிகைக்குக் கொண்டுபோய் விடுவார். நான் ஒத்திகை பார்க்கும்போது அவர் சும்மா இருக்க மாட்டார் என்று கண்ட லொறெய்ன், தோர்ன்பியின் பழைய கப்பல் கடதாசிப் பெட்டிகளை அவரிடம் தள்ளினார்.

“சிவாவுக்கு எல்லாச் சொல்லும் விளங்குகிறது. முப்பது வருடமாக எனக்கு விளங்காத சொற்கள்!” என்று ஆசையோடு சொன்னார்.

நான்காவது வாரம், அந்தப் பெட்டி ஒன்றிலிருந்து அண்ணை ஒரு தாளை எடுத்தார். தோர்ன்பியின் ‘கொன்ஸ்ரன்ஸ்’ என்ற கப்பலின் மாலுமிப் பட்டியல். எழுத்தரின் சாய்ந்த கையெழுத்து. பெயர், வயது, பிறந்த இடம். பதினொரு பெயர்கள். எல்லோருடைய பிறந்த இடமும் நாகப்பட்டினத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையில் எங்கோ ஒரு கரை.

அதே பெட்டியில் பத்திரிகை நறுக்கு ஒன்றும் இருந்தது. தோர்ன்பியின் அந்தத் தேர்தல் பேச்சு, முழுதாக. நான் மனப்பாடம் செய்துகொண்டிருந்த பேச்சுக்கு ஒரு கடைசிப் பந்தி உண்டு என்பது அப்போதுதான் தெரிந்தது. வெள்ளை மாலுமிகளின் கூட்டத்தில் நின்று, இனி என் கப்பல்களில் ஒரு ஆசியக்காரனும் கால் வைக்க மாட்டான், இந்தக் குடியேற்றத்தின் எந்தக் கப்பலிலும் வைக்க விடமாட்டேன் என்று சத்தியம் செய்கிறார். கைதட்டல் நிற்க வெகுநேரம் ஆனது என்று நிருபர் எழுதுகிறார். அந்த வாரம் கொன்ஸ்ரன்ஸ் துறைமுகத்தில்தான் நின்றது. வாக்களிப்புக்கு முதல்நாள் பதினொரு பேரும் கரையில் இறக்கிவிடப்பட்டார்கள் என்று பட்டியலின் ஓரத்தில் குறிப்பு. அதற்குப் பிறகு எந்தக் கடதாசியிலும் அவர்கள் இல்லை.

லொறெய்னின் பிரதியைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அந்தப் பந்தி அதிலும் இருந்தது. பக்கத்தில் பென்சிலால், ‘நேரம் இருந்தால்.’ முப்பது வருடமாக நேரம் இருக்கவில்லை.

சிவராசா அண்ணை அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று. திறந்த நாளன்று அந்த வீட்டில், எல்லோருக்கும் முன்னால், பதினொரு பேருடைய பெயரையும் ஒருக்கால் சத்தமாக வாசிக்க வேண்டும்.

“நிகழ்ச்சி நிரலில் இடமில்லை, சிவா. இது தோர்ன்பியின் வீடு. அவரைப் பற்றித்தான் சொல்கிறோம்.”

“நாய்க்குப் பேர் சொல்லுறியள். கல்லும் வைச்சிருக்கிறியள்” என்றார் அண்ணை, தன் ஆங்கிலத்தில்.

“ஜூனோ இந்த வீட்டில் வாழ்ந்தது. அவர்கள் வாழவில்லையே.”

“இல்லைத்தான். விட்டால்தானே வாழுறதுக்கு.”

லொறெய்னின் முகம் சிவந்தது. கோபம் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், அது முப்பது வருடம் தூசு தட்டியவரின் முகம். தட்டிய துணியைத் திருப்பிப் பார்க்கச் சொன்னால் யாருக்கும் அப்படித்தான் ஆகும்.

வள்ளத்தில் வந்தவன்

திரும்பி வரும்போது நான் சமாதானம் பேசினேன். “அண்ணை, பேரை வாசிச்சால் மட்டும் என்ன வரப்போகுது? செத்துப்போன ஆக்கள்.”

அவர் கண்ணாடியைப் பார்த்துப் பாலத்துக்கான தடத்துக்கு மாறினார். பிறகு சொன்னார்.

“ஒருக்கா வளைகுடாப் பக்கம் எங்கட கப்பல் முதலாளி ஆளே இல்லாமல் போட்டான், காணும். கப்பல் வெளியில நங்கூரத்தில. நாங்கள் பதினாலு பேர். இறங்கவும் ஏலாது, போகவும் ஏலாது. ஏழு மாசம். கிழமைக்கு ஒருக்கா துறைமுகத்தில இருந்து ஒருத்தன் வள்ளத்தில தண்ணி கொண்டருவான். கீழ நிண்டு லிஸ்ட்டைப் பாத்துப் பேர் கூப்பிடுவான். என்ர பேரைக் கடிச்சுத் துப்புவான், ஆனாக் கூப்பிடுவான். நான் ‘யெஸ்’ எண்டு கத்துவன்.”

“பிறகு?”

“ஒரு கிழமை புது ஆள் வந்தான். பேர் கூப்பிடேல்லை. விரலை நீட்டித் தலையை எண்ணிப்போட்டுப் போட்டான். பதினாலு, சரி. தண்ணியெல்லாம் ஒழுங்காத் தந்தவன். எண்டாலும் அண்டைக்குத்தான் முதல்தரம் பயந்தனான்.”

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பாலத்தைப் பார்த்தே ஓட்டினார்.

இந்த இடத்தில் வாசகர்கள் என்னை நல்லவன் என்று எண்ணிவிடக் கூடாது. ஆகவே ஒரு பழைய சம்பவம். பல வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டு விருந்து ஒன்று. அப்போதுதான் கடலால் வருகிறவர்களைப் பற்றி நாடே கத்திக்கொண்டிருந்தது. குடியேற்றப் புள்ளி முறையில், பட்டத்தோடு, விமானத்தில் வந்த நாங்கள் ஏழெட்டுப் பேர் ஆட்டிறைச்சிக் கறியோடு அந்த விஷயத்தையும் மென்றுகொண்டிருந்தோம். “என்ன இருந்தாலும் வரிசையில நிண்டு முறையா வந்திருக்கலாம்” என்று ஒரு புத்திசாலி சொன்னான்.

சோற்றுக் கோப்பையை எட்டிக் கொடுத்துக்கொண்டிருந்த ஒருவர், சாந்தமாக, “தம்பி, அந்த வரிசை எந்தப் பக்கம் இருந்தது?” என்று கேட்டார்.

கேட்டவர் சிவராசா அண்ணை. புத்திசாலி யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. சோறு வாங்கிய கையோடு நான் சாந்தியைப் பார்த்தேன். அவள் தயிரைப் பார்த்தாள்.

தோர்ன்பியை வெறுக்க எனக்கு ஆசைதான். வெறுத்தால் வேலை முடிந்துவிடும். ஆனால் அவருடைய கோட்டு எனக்கு ஏழு பொத்தானும் பூட்டுகிறது. ஏணியில் ஏறி முடிந்ததும் காலால் அதைத் தள்ளிவிடுகிற பழக்கம் கப்பல் முதலாளிகளுக்கு மட்டும் வருவதில்லை. தரவு மேய்ப்பவர்களுக்கும் வரும்.

மேல்மாடத்தில்

இனி வெயிலுக்குத் திரும்பலாம்.

கடைசிப் பந்திக்கு வந்தேன். பெயர்களுக்கு இடமில்லையென்றால் அதையாவது வாசியும் என்று அண்ணை சொன்னதால் என் தாளின் அடியில் எழுதிவைத்திருந்தேன். கீழே லொறெய்ன் நிழலில் நின்றார், கையில் மணியோடு. மூன்றாவது வரிசையில் அண்ணை. அவருக்குப் பின்னால் எங்கள் மூத்தோர் சங்கத்திலிருந்து பேருந்தில் வந்த அங்கிள்மாரும் அன்ரிமாரும். தமிழன் ஒருவன் வெள்ளைக்காரத் துரையாக நிற்பதைப் பார்க்கச் சாப்பாட்டுப் பெட்டிகளோடு வந்திருந்தார்கள்.

நான் தாளை மடித்தேன். “ஆகவே கனவான்களே, எனக்கு வாக்களியுங்கள்” என்று முடித்தேன்.

எனக்கும் நேரம் இருக்கவில்லை.

கைதட்டல். லொறெய்ன் என்னைப் பார்த்து நன்றியோடு தலையசைத்தார். அந்த நன்றி கோட்டைவிடச் சூடாக இருந்தது.

அடுத்து நடந்ததை எங்களைத் தவிர வேறு எந்த இனமும் செய்திருக்காது. எங்கள் மூத்தோர் சங்கத் தலைவர் மேடையைக் கண்டால் பொறுக்க மாட்டாத மனிதர். காரின் பின்பெட்டியில் எப்போதும் ஒரு பொன்னாடை வைத்திருப்பார். யார் எங்கே ஒலிவாங்கி பிடித்தாலும் போர்த்திவிடுவார். மூச்சு வாங்க மாடிப்படி ஏறி வந்து, ஆசியக்காரனைக் கப்பலில் ஏற்ற மாட்டேன் என்று வென்ற ஏப்ரகாம் தோர்ன்பியின் தோளில், சரிகைக் கரை போட்ட சிவப்புப் பொன்னாடையைப் போர்த்தி, இரண்டு கையாலும் கும்பிட்டார். மூத்தோர் வரிசை எழுந்து நின்று தட்டியது. வெள்ளைக்காரர்களும் இது அந்தக் காலத்து வழக்கம் என்று எண்ணித் தட்டினார்கள். கிருதா விழுந்தது.

லொறெய்ன் மணியை ஆட்டினார். “கேள்வி நேரம்!”

ஒருவர் கப்பல்களைப் பற்றிக் கேட்டார். ஒரு பெண் ஜூனோவைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். பிறகு சிவராசா அண்ணை எழுந்தார். தமிழில் கேட்டார்.

“ஐயா, உங்கட கொன்ஸ்ரன்ஸ் கப்பலை இஞ்ச கொண்டந்து சேர்த்தவையின்ர பேர் என்ன?”

முன் வரிசைகள் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தன.

“அந்தக் கனவான் என்ன கேட்கிறார், திரு. தோர்ன்பி?” என்றார் லொறெய்ன்.

“வீடு… மிக அழகாக இருக்கிறதாம்” என்றேன் ஆங்கிலத்தில்.

“நான் அப்பிடிச் சொல்லேல்லை” என்றார் அண்ணை, தெளிவான ஆங்கிலத்தில்.

சிரிப்பு எழுந்தது. லொறெய்ன் சிரிக்கவில்லை. வேறு வழியில்லாமல் கேள்வியை மொழிபெயர்த்தேன். அவர் மணியை மேசையில் வைத்தார். நிகழ்ச்சியை அதோடு முடித்துவிடுவார் என்று நம்பினேன், சொல்லப்போனால் வேண்டிக்கொண்டேன். அவர் முகம் மறுபடி சிவந்தது. ஆனால் சட்டம் போட்டவர் அவர்.

“கேள்வி கேட்கப்பட்டுவிட்டது. பதில் சொல்லுங்கள், திரு. தோர்ன்பி.”

நானாக இருந்தால் பதினொன்றில் ஏழு பெயராவது சொல்லியிருப்பேன். அண்ணை அவற்றைச் சொல்லச் சொல்ல இரண்டு வாரம் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன். ஆனால் நான் நானில்லை. கோட்டுக்குள் இருப்பவர் என்ன சொல்வார் என்று யோசித்தேன். யோசிக்க அதிகம் இருக்கவில்லை.

“தெரியாது” என்றேன். “நான் கேட்டதில்லை.”

அதைத் தமிழிலும் சொன்னேன். “கேக்கேல்லை, அண்ணை.”

“எனக்குத் தெரியும்” என்றார் அவர். சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து விரித்தார். லொறெய்னைப் பார்த்தார். லொறெய்ன் தடுக்கவில்லை, தலையாட்டவுமில்லை. அண்ணை வாசிக்கத் தொடங்கினார். வள்ளத்தில் நின்று மேலே கப்பலைப் பார்த்துக் கூப்பிடுகிறவனைப் போல, தலையை நிமிர்த்தி, ஒவ்வொரு பெயருக்கும் பின் சற்று நிறுத்தி.

“முத்துராமன்.”

“மீரான் சாகிபு.”

“சவேரி.”

“வேலன்.”

“காதர்.”

“சின்னத்தம்பி.”

“ஓம்!”

மூத்தோர் வரிசையில், சாப்பாட்டுக்குப் பின் கண்ணயர்ந்திருந்த சின்னத்தம்பி அங்கிள் திடுக்கிட்டு எழுந்து நின்றார். அவருடைய மனைவி அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தார். “உங்களை இல்லையப்பா, இருங்கோ!”

எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு பாதியில் எங்கோ நின்றது. அங்கிள் உட்காரவில்லை. என்ன நடக்கிறது என்று அவருக்கு விளங்கியிருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மிச்ச ஐந்து பெயரும் முடியும் வரை நின்றார்.

முடிந்ததும் தட்டுவதா விடுவதா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தட்டவில்லை.

அலுவலக அறையில்

கூட்டம் தேநீருக்குக் கலைந்தது. லொறெய்ன் எங்கள் இருவரையும் கீழே அலுவலக அறைக்கு அழைத்தார். திட்டு விழும் என்று நான் பொன்னாடையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

அவர் கையை நீட்டி அண்ணையிடம் தாளைக் கேட்டார். “இன்று இந்த வீட்டில் வாசிக்கப்பட்டது. ஆகவே இந்த வீட்டில் இருக்க வேண்டும்.” அலுமாரியைத் திறந்து, தடித்த ஃபைல் ஒன்றை எடுத்து, தாளைக் கடைசியாகச் செருகி மூடினார்.

“எந்த ஃபைலில வைச்சவ?” என்று அண்ணை என்னிடம் கேட்டார்.

“தோர்ன்பியின்ர ஃபைலில.”

அவர் மூக்கால் சிரித்தார். “அப்ப இன்னும் அவன்ர கப்பலிலதான் நிக்கினம்.”

“இப்போது என்ன சொன்னார்?” என்றார் லொறெய்ன், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு என்னை உற்றுப் பார்த்து. வீட்டின் அழகைப் பற்றிய பதில் இந்த முறை செல்லாது என்பது அந்தப் பார்வையில் இருந்தது.

மொழிபெயர்த்தேன். ஒரு சொல்லும் குறைக்கவில்லை.

அவர் ஃபைலை மறுபடி திறந்தார். பிறகு தாளை வெளியே எடுத்தார். மேசை லாச்சியைத் திறந்து வெறும் ஃபைல் ஒன்றை எடுத்து, பேனாவின் மூடியைக் கழற்றினார்.

“என்ன பெயர் எழுத?”

“ஒரு பேரில்லை, பதினொரு பேர்” என்றார் அண்ணை.

“எல்லாரையும் ஒன்றில் போடலாம், சிவா. இருப்பது ஒரு தாள்தானே.”

அண்ணை என் பக்கம் திரும்பினார். “சொல்லும் காணும், ஒரே அறைக்குள்ள அடைஞ்சு கிடந்தது போதும் எண்டு.”

சொன்னேன். லொறெய்ன் நூலகர். ஒரு ஆளுக்கு ஒரு அட்டை என்று வாழ்நாள் முழுவதும் வாழ்ந்தவர். லாச்சிக்குள் மறுபடி கையை விட்டு வெறும் ஃபைல்களை எண்ணினார். முதலில் எடுத்ததோடு சேர்த்து நான்குதான் இருந்தன, இன்னும் ஏழு வேண்டும். அலுமாரிக் கதவுகளைத் திறந்து, அதன் மேலே தடவி, பழைய ஃபைல் ஒன்றை உதறிப் பார்த்துத் திரும்ப வைத்தார்.

சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். வெளியே புல்வெளியில் திறந்த நாள் இன்னும் நடந்துகொண்டிருந்தது, யாரோ அவரைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

“சந்தியில் இருக்கும் கடதாசிக் கடை நாலு மணிக்குப் பூட்டிவிடும்” என்று கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு லொறெய்ன் ஓடினார்.